சம்பந்தியம்மாவின் துடிப்பு

சாரல் இல்லத்தில் யாருக்கும் தனியாக மூச்சு வாங்குவதில்லை. வாங்கினால் இரண்டு பேருக்குச் சேர்ந்துதான் வாங்கும். கீழ்த்தளத்து ராஜாமணி யாருக்கும் தெரியாமல் மாடிப்படியில் கால் வைத்தால் போதும், தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவருடைய இணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "யோவ், எறங்குய்யா கீழ! எனக்குல்லா இரைக்கி!" என்று கத்துவார். நர்ஸ்கள் ஓடிப்போய் ராஜாமணியைப் பிடித்து இறக்குவார்கள்.

இல்லம் குற்றால மலையின் அடிவாரத்தில் இருந்தது. ஆனி, ஆடியில் ஒரு பக்கம் வெயில் அடிக்கும், ஒரு பக்கம் சாரல் விழும். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகும். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நெஞ்சு தளர்ந்தவர்கள். மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பு வந்த வேகத்தில் காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடும். இது குடித்தனம் பண்ண வருகிற நோய். முதலில் கணுக்காலில் நீர் கோக்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், கடைசியில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்க வேண்டும். உப்புக் கூடாது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். மனுஷனுக்கு இதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்?

இணைத்துடிப்பி வந்த பிறகுதான் இந்த நிலைமை மாறியது. பழைய ஒரு ரூபாய்க் காசளவு ஒரு வில்லை. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது இன்னொருவர் உடம்பில் இருக்கும் வில்லையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். தளர்ந்த நெஞ்சுக்கு பலம் மட்டும் குறைவதில்லை, தாளமும் தவறிப் போகிறது. இயந்திரத் தாளம் கொடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சுக்கு அது சலித்துவிட்டது. உயிருள்ள இன்னொரு நெஞ்சின் தாளத்தைக் கொடுத்தபோதுதான் எழுந்து உட்கார்ந்தது. ஊஞ்சலை சரியான நேரத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும் இல்லையா? இரண்டு கிழட்டு நெஞ்சுகள் ஒன்றையொன்று அப்படித் தள்ளிவிட்டுக்கொண்டன.

ஆனால் யாரோடு யாரை இணைப்பது? அங்கேதான் சிக்கல். ஆரம்பத்தில் புருஷன் பெண்டாட்டியை இணைத்துப் பார்த்தார்கள். புருஷன் குரலைக் கேட்டதும் பெண்டாட்டியின் நெஞ்சு துள்ளியது, பெண்டாட்டி குரலைக் கேட்டதும் புருஷனின் நெஞ்சு கொட்டாவி விட்டது. தாயையும் மகனையும் இணைத்தார்கள். தாய்க்கு மகன் மேல் உயிர், மகனுக்கோ அவன் பெற்ற மகன் மேல் உயிர். வில்லை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பக்கமும் சரி எடை. அன்பை எப்படி நிறுத்தாலும் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. கடைசியில் சரி எடை எதில் கிடைத்தது தெரியுமா? பகையில். பங்காளிகள், பக்கத்து வயல்காரர்கள், ஒரே ஆபீஸில் ஒரே பதவிக்கு மோதியவர்கள். இவர் பெயரைச் சொன்னால் அவருக்கு எவ்வளவு திக்கென்றதோ, அவர் பெயரைச் சொன்னால் இவருக்கும் அவ்வளவே.

இந்த ஏற்பாட்டில்தான் உலகேஸ்வரிக்குப் பூங்கொடி வந்து வாய்த்தாள்.

உலகேஸ்வரி தென்காசிக்காரி. அவள் மகன் முகிலனுக்கும் கோபிச்செட்டிபாளையத்துப் பூங்கொடியின் மகள் ஹர்ஷிதாவுக்கும் காதல் கல்யாணம் நடந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். சம்பந்திகள்தான் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் ஒரு சொதியால் வந்த வினை. கல்யாணத்துக்கு மறுநாள் தென்காசி வழக்கப்படி உலகேஸ்வரி வீட்டார் சொதிச் சாப்பாடு போட்டார்கள். தேங்காய்ப் பாலில் கொதித்த வெள்ளைக் குழம்பை இலையில் பார்த்த பூங்கொடி, "ஏனுங்க, நோயாளிக்குக் காச்சுன கஞ்சியாட்ட இருக்குதே, இதையா ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குப் போடறது?" என்று கேட்டுவிட்டாள். பந்தி முழுக்கக் கேட்டது. உலகேஸ்வரி சும்மா இருப்பாளா? "கொள்ளு தின்னு வளந்த வாய்க்கு சொதி எப்படி ருசிக்கும்? எங்க ஊர்ல கொள்ள குதிரைக்குல்லா வைப்போம்!" என்றாள். அன்றே பூங்கொடி குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து வெளியேறினாள். அதற்குப் பிறகு பேரன் பேத்தி காதுகுத்து, சடங்கு எல்லாவற்றிலும் ஒருத்தி மேடைக்கு வலப்பக்கம் என்றால் மற்றவள் இடப்பக்கம்.

இரண்டு பேருக்கும் நெஞ்சு தளர்ந்தபோது முகிலனும் ஹர்ஷிதாவும் கூடிப் பேசினார்கள். ஒரே இல்லத்தில் சேர்த்தால் ஒரே பயணத்தில் இரண்டு அம்மாக்களையும் பார்த்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சேர்த்த அன்று குரல் சோதனை நடந்தது. டாக்டர் நஸ்ரின் பூங்கொடியின் குரலை ஒலிக்கவிட்டார். நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் உலகேஸ்வரியின் பலகையில் முள் எகிறியது. அந்தப் பக்கம் உலகேஸ்வரியின் குரலைக் கேட்டுப் பூங்கொடியின் முள்ளும் அதே உயரத்துக்கு எகிறியது. இப்படி ஒரு சரி எடையை டாக்டர் பார்த்ததே இல்லை.

"அவ நெஞ்சோடயா? அதுக்கு நான் செத்தே போவேன்," என்றாள் உலகேஸ்வரி.

"இணைக்கலைன்னா அதுதாம்மா நடக்கும்," என்றார் நஸ்ரின். அவர் மேலப்பாளையத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

வில்லை வைத்த கொஞ்ச நாளிலேயே கால் வீக்கம் வடிந்தது. உலகேஸ்வரி ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கினாள். தோட்டத்தைச் சுற்றி நடந்தாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடி அறையில் பூங்கொடியும் நடந்தாள். உலகேஸ்வரி சாப்பாட்டறைக்கு வந்தால் பூங்கொடி, "அம்மணி, அந்த நாத்தம் போனதும் கூப்பிடு, நான் வாரேன்," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுத் திரும்புவாள். உடனே இரண்டு நெஞ்சும் கிண்ணென்று அடிக்கும். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் ஏறும். மருந்து வேலை செய்தது.

இணை கிடைக்காதவர்களும் இருந்தார்கள். தேவசகாயம் சார் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. யாருடைய குரலைப் போட்டாலும் அவர் முள் இதமாக அசைந்து அடங்கிவிடும். பாவம், அவர் ராஜாமணியிடம் போய், "என்னைப் பார்த்தா உங்களுக்கு எரிச்சலா இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தார். "சாமி மாதிரி மனுஷன் சார் நீங்க," என்று ராஜாமணி கையெடுத்துக் கும்பிட்டார். நல்லவர் என்று பெயர் எடுத்தவர் அந்தப் பெயரோடே ஆவணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். இல்லம் முழுக்க அழுதது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாரல் ஓட்டில் பொட்டுப் பொட்டென்று விழும்போது எல்லாரும் கண்ணயர்வார்கள். அந்தத் தூக்கத்தில்தான் உலகேஸ்வரிக்கு அந்தக் கனவுகள் வர ஆரம்பித்தன. அவள் பார்த்தே இராத ஒரு ஊர். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மஞ்சள் காடு, நடுவில் நுங்கும் நுரையுமாக ஓடும் வாய்க்கால். பெரிய கொப்பரையில் மஞ்சள் வேகும் வாசனை. அவள் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் குட்டைப்பாவாடை போட்ட சிறுமியின் காலாக இருக்கும். விழித்த பிறகும் வெகுநேரம் அந்த வாசனை மூக்கிலேயே நிற்கும்.

டாக்டரிடம் கேட்டாள். "துடிப்பு மட்டும்தாம்மா போகும், கனவெல்லாம் போகாது. வர்ற தாளத்துக்கு உங்க மூளையே ஒரு கதை கட்டிக்குது," என்றார் நஸ்ரின்.

"அப்படின்னா என் மூளைக்கு மஞ்சள் வேக்காடு எப்படித் தெரியும்? நான் மஞ்சத்தூள் பாக்கெட்டத்தவிர வேற என்னத்தக் கண்டேன்?" என்றாள் உலகேஸ்வரி.

ஒரு நாள் வந்த கனவில் அவள் தென்காசிக் கல்யாண மண்டபத்தில் நின்றாள். தன்னுடைய மண்டபம்தான், ஆனால் பந்தியில் அவள் உட்கார்ந்திருந்த இடம் வேறு. எதிர் வரிசையில் ஹர்ஷிதா புதுப்புடவையில், புது மனிதர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கப் பார்க்கப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல வந்தது. முன்னால் இலை கிடந்தது, இலையில் வெள்ளையாகச் சொதி.

உலகேஸ்வரி அழுதுகொண்டே விழித்தாள். செருப்பைக்கூட மாட்டாமல் தாழ்வாரத்தைக் கடந்து கோடி அறைக்குப் போனாள். பூங்கொடியும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி," என்றாள் உலகேஸ்வரி. "அன்னைக்கு ஒங்களுக்கு சொதி புடிக்காமப் போகல, இல்லையா?"

"சொதி என்னங்க பண்ணுச்சு, பாவம்," என்றாள் பூங்கொடி. "ஒத்தப் புள்ளைங்க. அதைக் குடுத்துப்போட்டு வெறும் ஊட்டுக்குத் திரும்பிப் போகோணும். யாரையாச்சும் திட்டோணும்னு இருந்துச்சு. சொதி முன்னால இருந்துச்சு."

"எனக்கும் ஒத்தப் பய தாங்க. அன்னைக்குத்தான் அவன் என்னய விட்டுப் போனான். எனக்கும் யாரையாவது ஏசணும்போல இருந்திச்சு. நீங்க வாய்ல வந்து விழுந்தீய."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு இருவரும் இணைபிரியவில்லை. தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேகம் மலையிலிருந்து இறங்குவதைப் பார்ப்பார்கள். பூங்கொடி "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். உலகேஸ்வரி ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் அவள் பதிலுக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுத்துவிடுவாள். "வெறுங்கையா வாங்கிப் பழக்கமில்லீங்கக்கா, எங்கப்பன் அப்படி வளத்துப்போட்டாரு," என்பாள். உலகேஸ்வரிக்கு வாழ்க்கையில் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். சினேகிதி என்று ஒருத்தி இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தோடு அதெல்லாம் போய்விட்டது. எழுபது தாண்டி, உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் காலத்தில் அப்படி ஒருத்தி கிடைத்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகள் வந்து இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இந்த வில்லைக்குக் கோயில் கட்டலாம் என்றார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் பூங்கொடியின் கால் மறுபடி வீங்குவதை ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தலையணை வந்தது, மூன்றாவதும் வந்தது. நாலு வார்த்தை பேசினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நஸ்ரின் உலகேஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இணைப்பு தளர்ந்துபோச்சும்மா. அவங்க குரலைப் போட்டா உங்க முள் அசையுது, உங்க குரலைப் போட்டா அவங்க முள் அசையவே மாட்டேங்குது. உங்க பக்கத்துல அவங்களுக்கு அவ்வளவு நிம்மதி. நெஞ்சு தூங்கிடுது. வில்லைக்கு எடுத்துக்க எதுவும் இல்ல. இப்ப உங்க நெஞ்சுதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து இழுக்குது. உங்க நெஞ்சு தனியாக் கொஞ்ச நாள் தாங்கும். அவங்க நெஞ்சு தாங்காது."

"வேற யாரோடயாவது இணைக்கக் கூடாதா?"

"எல்லாக் குரலையும் போட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தரும் இல்ல."

உலகேஸ்வரி போய்ப் பூங்கொடியிடம் விஷயத்தைச் சொல்லி, "ஒனக்கு வேற எதிரியே இல்லையா?" என்று கேட்டாள்.

"இருந்தாருங்கக்கா. எங்க பெரிய மச்சாண்டாரு, ஊட்டுக்காரரோட அண்ணன். வரப்புத் தகராறு. அவரும் போயிட்டாரு," என்றாள் பூங்கொடி வருத்தமாக. "உங்களுக்குப் பொறவு நான் புதுசா யாரையும் புடிக்கலீங்க."

சண்டை போட்டுப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். மறுநாள் சாப்பாட்டறையில் அரங்கேற்றம். "கஞ்சி ஊத்துன ஊருதான உங்களுது!" என்று பூங்கொடி ஆரம்பித்தாள். "குதிரைத் தீனி தின்னுத ஊருக்காரி பேச்சப் பாரு!" என்று உலகேஸ்வரி இடுப்பில் கையை வைத்தாள். ராஜாமணி கையில் தட்டோடு ரசித்துப் பார்த்தார். இரண்டாவது வசனத்திலேயே பூங்கொடிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது. உலகேஸ்வரிக்கும் தாங்கவில்லை. பலகையில் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, இன்னும் ஒரு கோடு இறங்கியதுதான் மிச்சம். நெஞ்சிடம் நாடகம் எடுபடாது.

அன்று மதியம் உலகேஸ்வரி தூங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் பூங்கொடி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கத்திலும் அவள் கை உலகேஸ்வரியின் முந்தானையைப் பிடித்திருந்தது. இவள் போய்விடுவாள் என்று உலகேஸ்வரிக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே, "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே, தேவசகாயம் சார் மாதிரி நல்லபடியாகப் போய்விடுவாள். அவளைப் பிடித்து நிறுத்த ஒரு வழி இருந்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டுச் செய்ய முடியாது. செய்த பிறகும் சொல்ல முடியாது. யாரிடமும் சொல்ல முடியாது. முகிலனிடம் சொன்னால் அவன் ஹர்ஷிதாவிடம் சொல்வான், ஹர்ஷிதா அம்மாவிடம் சொல்வாள், பாசம் திரும்பி வந்துவிடும், உயிர் போய்விடும். உலகேஸ்வரி முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

ஹர்ஷிதா அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்காகக் காத்திருந்தாள். அன்று காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போய், நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டாள்: "அவ வில்லைய எப்பக் கழட்டுவீய? கழட்டினா எனக்கு நல்லதுதானே?" நஸ்ரின் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்களுக்கு நல்லதுதான்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. உலகேஸ்வரிக்கு வேண்டியதும் அதுதான்.

மதியம் சாப்பாட்டறையில் எல்லாரும் இருந்தார்கள். ஹர்ஷிதா அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். உலகேஸ்வரி தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏட்டி ஹர்ஷிதா, சாப்பாடு முடிஞ்சதும் ஒங்க அம்மைய ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. எத்தன நாளைக்கி நான் ஓசியில வச்சுச் சொமக்க? அவ நெஞ்சு எப்பமோ நின்னு போச்சு. இப்ப ஓடுதது என் நெஞ்சு. நான் திங்குத மருந்து, நான் நடக்குத நடை, எல்லாம் அவளுக்குத்தான் ஊறுது. வெறுங்கையா வாங்க மாட்டாளாம்! உசிர மட்டும் ஓசியில உறிஞ்சுவாளாம், அட்டை மாதிரி!"

ஹர்ஷிதாவின் கை பாதி வழியில் நின்றது. பூங்கொடி மட்டும் மெல்லச் சிரித்தாள்.

"இன்னைக்கு... நெசமாலுமே... நல்லா நடிக்கறீங்கக்கா," என்றாள் மூச்சு வாங்கியபடி.

அந்தச் சிரிப்பைப் பார்த்து உலகேஸ்வரிக்கு அப்படியே அவள் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நடிக்கேனா? டாக்டர்ட்டக் கேளு. ஒன் வில்லைய எப்பக் கழட்டுவீயன்னு காலையில நானேதான் போயிக் கேட்டேன். நீ தொலைஞ்சாத்தான் எனக்கு விடிவு."

பூங்கொடி வாசலில் நின்ற நஸ்ரினைப் பார்த்தாள். "கேட்டாங்களாங்க?"

டாக்டர் தயங்கினார். "கேட்டாங்க..."

முதலில் பூங்கொடியின் முகத்திலிருந்து சிரிப்புப் போயிற்று. பிறகு "அக்கா" போயிற்று, அது போவது கண்ணாலேயே தெரிந்தது. அடுத்து ரத்தம் ஏறியது. கழுத்திலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து காதுக்கு. உலகேஸ்வரியின் காறை எலும்புக்குக் கீழே ஒரு குத்து விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அப்புறம் விடாமல் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் தாங்கினால்தான் நிற்கக்கூடியவள், மேஜையைக் கையால் ஊன்றித் தானாக எழுந்து நின்றாள்.

"வில்லையக் கழட்டிடட்டுமாம்மா?" என்று நஸ்ரின் பூங்கொடியிடம் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குங்க கழட்டறது? இருக்கட்டும். யாரு நெஞ்சுல யாரு உசிர் வாழறாங்கன்னு பார்த்துப்போடலாம். இவ காரியத்துக்கு நான் வந்து நின்னு, ஒரு கை மண்ணள்ளிப் போட்டுப்போட்டுத்தான் நான் போவேன். அதுவரைக்கும் எமன் வந்தாலும் வெளியில உக்காரட்டும்!"

"வா, வா, பாப்போம்," என்று சொல்லிவிட்டு உலகேஸ்வரி தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

பூங்கொடியின் கால் வீக்கம் வடிந்தது. தலையணைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஹர்ஷிதா மாமியாரோடு பேசுவதை நிறுத்தினாள். வந்தால் கோடி அறைக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுவாள். முகிலன் போன் செய்து, "ஏம்மா அப்படிப் பேசின? இவ இன்னும் அழுதுட்டே இருக்கா. நீயா இப்படி?" என்று கேட்டான். "வயசாயிட்டுல்லா, புத்தி பெசகிப் போச்சு," என்றாள் உலகேஸ்வரி. அவனும் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

நடந்ததைப் பார்த்து இல்லத்து நிர்வாகம் பாடம் கற்றுக்கொண்டது. இணைகள் சமாதானம் ஆவதுதான் பெரிய ஆபத்து என்று முடிவு செய்தார்கள். இரண்டு பேர் தாழ்வாரத்தில் சிரித்துப் பேசினால் உடனே மணி அடித்தது. நர்ஸ்களுக்கு வத்தி வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். "உங்களைப் பத்தி அவர் என்ன சொன்னார் தெரியுமா?" என்று தொடங்குவது எப்படி, எங்கே நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்றெல்லாம் வகுப்பு நடந்தது. அப்பாவைச் சேர்க்க வருகிறவர்களிடம் முதலில், அவருக்கு யாரோடு ஆகாது என்று கேட்டார்கள். சொந்தபந்தம் நிறைந்த குடும்பம் என்று பெருமை பேசியவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள். ஊரில் இளவட்டங்கள் இப்போதே ஆளுக்கு ஒரு பகையாளியைப் பார்த்துப் பிடித்து, பிற்காலத்துக்கு ஆகும் என்று பத்திரமாக வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருவன் தன் பகையாளிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினானாம். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம் என்றானாம்.

ஒரு நாள் நஸ்ரின் உலகேஸ்வரியைச் சோதித்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்பு சரி எடையில நிக்காதும்மா. பகை மட்டும்தான் நிக்கும். இத்தனை வருஷத்துல நான் பார்த்தது அதுதான். உங்க ரெண்டு பேருக்கும் முள் நட்டநடுவுல நிக்குது, மயிரிழை சாயல. அவங்க உங்களை வெறுக்கறது ஊருக்கே தெரியும். நீங்களும் அந்த அளவுக்கு அவங்களை வெறுக்கறீங்களா?"

"ஆமா டாக்டர்."

"அவங்க இருமினாக்கூட உங்க நெஞ்சு துள்ளுதே."

"ஆத்திரத்துல துள்ளுது."

நஸ்ரின் பலகையை அணைத்துவிட்டு, உலகேஸ்வரியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்து போனார்.

மதியத் தூக்கத்தில் கனவு மட்டும் வழக்கம்போல வந்தது. மஞ்சள் காடு, வாய்க்கால், தண்ணீரில் இரண்டு ஜோடிக் கால்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள், "அக்கா, தண்ணி சில்லுனு இருக்குதுங்களா?" என்று கேட்பாள். உலகேஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். அந்தக் கோடி அறையிலும் இதே கனவு வருகிறதா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை.

கனவில்கூடப் பூங்கொடியின் கோபம் ஆறிவிடலாம் என்பதால் அவள் ஜாக்கிரதையாக இருந்தாள். தினமும் காலையில் பல் விளக்கும்போதே அன்றைக்கு என்ன சொல்லித் திட்டுவது என்று யோசிப்பாள். பழைய ஏச்சு எடுபடாது, புதிதாக இருக்க வேண்டும். கொஞ்சம் உண்மையும் கலந்திருக்க வேண்டும். ஒருத்தியை நன்றாகத் தெரிந்தால்தான் அவளை அப்படித் திட்ட முடியும். யோசித்து முடித்துத் தலையைச் சீவிக்கொண்டு கோடி அறைக்குப் போவாள்.

அன்று காலையில் மேகம் தாழ்வாரம் வரைக்கும் இறங்கியிருந்தது. எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. பூங்கொடியின் கதவு சாத்தியே இருந்தது. வழக்கமாக இந்நேரம் திறந்திருக்கும். காறை எலும்புக்குக் கீழே துடிப்பு இருக்கிறதா என்று உலகேஸ்வரி கையை வைத்துப் பார்த்தாள். தன் படபடப்பில் எது தன்னுடையது, எது அவளுடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

"என்ன, மகாராணிக்கு இன்னும் விடியலையா?" என்றாள் கதவைப் பார்த்து. உள்ளே சத்தமே இல்லை.

"காசு குடுத்துச் சேத்த மகளும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்கா! பெத்த பிள்ளைக்கே பாரமாப் போன ஜென்மம், தூங்கிக்கிட்டுக் கெடக்கு!" என்று இன்னும் உரக்கச் சொன்னாள். அது பொய். ஹர்ஷிதா முந்தின நாள்தான் வந்துபோனாள். உள்ளே இன்னும் சத்தமில்லை. உலகேஸ்வரி கதவில் கையை வைத்தாள்.

"காலங்காத்தால கொரைக்கறதுக்கு வந்துட்டா பாரு, தூங்கற மனுசியத் தூங்க உடறதில்ல, எம்மட புள்ளையப் பத்திப் பேசற நாக்கு அழுகிப் போகோணும், இவளப் பொதைச்ச எடத்துல புல்லு மொளைக்கறதப் பார்த்துப்போட்டுத்தான்டி நான் கண்ணை மூடுவேன்!"

உள்ளிருந்து பூங்கொடி ஒரே மூச்சில் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

உலகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் சத்தம் வராமல் அடக்கிக்கொண்டாள். நெஞ்சு கிண்ணென்று நிறைந்திருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி காப்பி குடிக்கப் போனாள்.